நன்றாக வந்த படம்

அறுபதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதை வாசிக்கிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். இளையவர்களுக்கு இதில் ஒன்றுமில்லை. அவர்கள் சாப்பிடுவதற்கு முன் ஒரு படம், சாப்பிட்ட பின் ஒரு படம் எடுக்கிறவர்கள். நமக்குச் சிறுபிராயம் முழுவதற்கும் ஒரே ஒரு படம் கிடைத்தது. சிலருக்கு அதுவும் இல்லை.

போன மாதம் பதுளையில் ஒரு வகுப்புக்குப் போனேன். போனிலேயே நோட்டீஸ், அழைப்பிதழ், வாழ்த்து அட்டை எல்லாம் வடிவமைக்கச் சொல்லிக் கொடுக்கும் இலவச வகுப்பு. சிரிக்காதீர்கள். எங்கள் கோயில் திருவிழா நோட்டீசைப் பார்த்து வந்த எரிச்சலில்தான் போனேன். முருகனின் வேலுக்கு மேல் ஒலிபெருக்கிக்காரரின் தொலைபேசி எண். நாலு மூலைக்கும் நாலு மயில், மயில் வாலில் உபயகாரர்களின் பெயர்கள். சாமி எங்கே என்று தேடிப் பிடித்துத்தான் கும்பிட வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு, உங்களிடம் மறைப்பானேன். ஹாலிஎலயில் என் வீட்டில் என்னோடு பேசுவதற்கு வானொலியைத் தவிர ஆளில்லை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கொழும்பில். அவன் கூப்பிட்டால் சாப்பிட்டாயா என்று கேட்பான், சாப்பிட்டேன் என்பேன், அத்தோடு இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். வகுப்பென்றால் நாலு முகத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

சொல்லிக் கொடுத்தது ஒரு சின்னப் பெண். வெள்ளைத் திரையில் கட்டங்களையும் வட்டங்களையும் போட்டுக் காட்டினாள். பார்க்கிறவர் கண் முதலில் எங்கே போக வேண்டும் என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும் என்றாள். இரண்டு பக்கமும் பாரம் ஒத்துவர வேண்டும் என்றாள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தவையெல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரித் தெரியும், தள்ளி வைத்தது யாரோ அந்நியர் மாதிரித் தெரியும் என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு ஒரு பெரிய வெள்ளைத் தாளின் மூலையில் சின்னதாக ஒரு பறவையை வைத்துக் காட்டி, "காலியா இருக்கிற எடமும் படத்துல ஒரு உருவந்தான். அத அடைக்க அவசரப்படாதீங்க" என்றாள்.

நான் எழுந்துவிட்டேன்.

"பாத்ரூமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். நமுனுகுல மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. இந்தப் பெண் சொன்ன இந்த ஒரு வசனத்தை எங்கள் வீட்டில் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லையே என்று நினைத்தேன். அழுகை வந்தது. இந்த வயதில், தெருவோரத்தில், கையில் ஒரு பென்சிலோடு.

அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ. ஹாலிஎலக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். மாவுக்கும் பாணுக்கும் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய காலம், உங்களுக்கு நினைவிருக்கும். மரவள்ளிக் கிழங்கும் சீனியில்லாத சாயத்தண்ணியும்தான் சாப்பாடு. அப்பா தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்தார். வேலைநாள் குறைந்துபோனது. அம்மா மலையில் கொழுந்து எடுத்தாள், அதுவும் குறைந்துபோனது.

தோட்டத்து ஆஸ்பத்திரி ஐயாவுக்குச் சொந்தக்காரர் ஒருவர் பதுளையில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். அவருக்குக் கொழும்புக்கு மாற்றல் வந்தது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. அம்மாவைக் கேட்டார்கள். ஐப்பசி மழை இறங்கிய வாரத்தில் அம்மா ஹாலிஎல ஸ்டேஷனில் ரயிலேறினாள். அந்த வீட்டம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்து, "பயப்பிடாதேங்கோ பிள்ளையள். பொங்கலுக்கு உங்கட அம்மாவை அனுப்பிவிடுவன்" என்றார். அம்மா தம்பியின் கன்னத்தில் ஒட்டியிருந்த மூக்குச்சளியைத் தன் முந்தானையால் துடைத்தாள். ரயில் போன பிறகும் மழைக்குள் அந்தக் கரிப்புகை கொஞ்ச நேரம் நின்றது.

எங்கள் வீடு ஒரே அறை, ஒரே காம்பரா. சுவரோரம் அப்பா, அடுத்தது தம்பி, அடுத்தது அம்மா, அடுப்புப் பக்கம் நான். இந்த வரிசையில்தான் பாய் விரிப்போம். அம்மா போன பிறகும் அம்மாவின் இடத்தை விட்டுத்தான் விரித்தோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அப்பாவே அப்படித்தான் விரித்தார். தம்பி உருண்டு வந்தால் நான் அவனைத் திருப்பித் தள்ளிவிடுவேன். அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கும். அது எனக்கு வேண்டியிருந்தது. அங்கே ஒரு ஆள் இல்லை என்பது தெரிய வேண்டியிருந்தது.

பிறகு எங்களைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். மாமா இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர். போய் வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றவர், கூப்பிடவே இல்லை. அத்தை தாலியை மட்டும் கழற்றாமல் இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். பேசினால் அதட்டுவாள். வந்த அன்றே பாய் விரித்த விதத்தைப் பார்த்துவிட்டு, "என்னத்துக்கு நடுவுல ஆத்தங்கர மாதிரி எடம்? எடம் விட்டா குளுரு வந்து படுத்துக்கும்" என்று சொல்லி அந்த இடத்தில் தானே படுத்துவிட்டாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றிலிருந்து அவளை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே சார். 'எனது வீடு' என்று சித்திரம் வரையச் சொன்னார். நான் தாளின் ஒரு பக்கத்தில் காம்பராவை வரைந்தேன், வாசலில் அப்பா, தம்பி, நான். மறுபக்கம் முழுவதையும் விட்டுவிட்டேன். அது ரயில் போன பக்கம். சார் தாளைத் தூக்கிப் பார்த்தார். "பாதித் தாள் பட்டினி கிடக்குதே, அரசாங்கம் தந்த தாள்" என்றார். பிறகு தாமே பச்சைக் கலரை எடுத்து அந்தப் பக்கத்தில் பெரிதாக ஒரு தென்னைமரத்தைப் போட்டார். குலையும் போட்டார். நல்ல மனிதர்தான், தென்னை வளரும் ஊரிலிருந்து வந்தவர். எங்கள் தோட்டத்தில் தென்னை ஏது? வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது அப்பா அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மரம் நல்லாருக்கு" என்றார்.

இப்படி மனம் ஒட்டாமல் போய்க்கொண்டிருந்த நாட்களில், கார்த்திகைத் தீபத்துக்குப் பிறகு என்று நினைக்கிறேன், கொழும்பில் கடையில் வேலைக்கு நின்ற எங்கள் லயத்து அண்ணன் ஒருவர் லீவுக்கு வந்தார். எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, ஈரச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அம்மாவின் செய்தியைச் சொன்னார். அப்பாவை மாமா என்பார், அம்மாவை அத்தை என்பார்.

"அந்த ஐயா வீடு திரும்ப யாழ்ப்பாணத்துக்கே போகுதாம் மாமா. அந்தம்மா அத்தையையும் கூட வரச் சொல்லி கேக்குதாம். புள்ள அத்தகிட்டத்தான் தூங்குதாம், வேற ஆளுகிட்ட போகாதாம். அத்த இன்னும் ஒன்னும் சொல்லல."

"என்ன சொல்லப்போகுதாம்?" என்று அப்பா கேட்டார்.

"ஒங்க எல்லாத்தையும் ஒரு படம் புடிச்சி அனுப்பச் சொல்லிச்சி. புள்ளைங்க எப்பிடி இருக்குன்னு பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுமாம். நான் திரும்பிப் போகயில குடுத்து விடுங்க."

எனக்கு நன்றாகப் புரிந்தது. அம்மா படத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு வருவாள், அல்லது யாழ்ப்பாணம் போவாள். யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம் என்று சாரிடம் கேட்டேன். சுவரில் தொங்கிய இலங்கைப் படத்தில் பிரம்பால் தொட்டுக் காட்டினார். உச்சந்தலையில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போகப் புறப்பட்டோம். தலைக்கு எண்ணெய் வழிய வழிய வைத்தாள் அத்தை. அவளுடைய நல்ல சேலையில் எலி கடித்திருந்தது. அப்பா அம்மாவின் பெட்டியைத் திறந்து பச்சைச் சேலையை எடுத்து நீட்டினார். மஞ்சள் கரை போட்டது, அம்மா திருவிழாவுக்கு மட்டும் கட்டுவது. "இத கட்டிக்க அக்கா. டவுனுக்கு வர்றப்ப கிழிஞ்சத கட்டிக்கிட்டா வருவ?" என்றார். யாரும் இல்லாத நேரத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து அந்தச் சேலைக்குள் நான் முகத்தை வைத்திருப்பது அவருக்குத் தெரியாது. பூச்சி உருண்டை வாசனைக்கு அடியில் அம்மாவின் வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தது. பஸ்ஸில் அத்தைக்குப் பக்கத்தில்தான் எனக்கு இடம் கிடைத்தது. பதுளை போய்ச் சேரும் வரைக்கும் அது அத்தையின் வாசனையாக மாறிக்கொண்டே வந்தது.

ஸ்டூடியோ கடைத்தெருவில் ஒரு கடைக்கு மேலே இருந்தது. மரப்படி ஏற வேண்டும். உள்ளே மருந்து நெடி. ஒரு கண்ணாடி, கயிற்றில் கட்டிய சீப்பு, ஊரார் எல்லோரும் போட்டுக்கொண்ட பவுடர் டப்பா. சுவரில் ஏரியும் அன்னமும் தீட்டிய திரை. இன்னொரு சுவர் நிறைய ஸ்டூடியோக்காரர் எடுத்த படங்கள். அவற்றில் சில ஒட்டுப் படங்கள்.

ஒட்டுப் படம் நமக்குத் தெரியும். செத்துப்போனவரோடு சேர்ந்து எடுத்த படம் இல்லையென்றால் வீட்டார் வந்து ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்வார்கள். செத்தவரின் உருவத்தை வேறெங்கிருந்தோ வெட்டி அந்த நாற்காலியில் ஒட்டி, மறுபடி படமெடுத்துக் கொடுப்பார்கள். ஒட்டப்பட்டவரின் தலை எப்போதும் மற்றவர்களின் தலையைவிடப் பெரிதாக இருக்கும். எல்லோர் முகத்திலும் வெளிச்சம் ஒரு பக்கமென்றால் அவர் முகத்தில் மறுபக்கம். அவர்களுக்கு வேறு சூரியன் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அத்தை தடுப்புக்குப் பின்னால் கண்ணாடி முன் நின்று தம்பிக்குத் தலை வாரினாள். அவள் படத்தில் இருப்பதாகப் பேச்சே இல்லை. அப்பா, தம்பி, நான் மட்டும்தான். ஸ்டூடியோக்காரர் இரண்டு நாற்காலிகளைப் போட்டார். அப்பா ஒன்றில் உட்கார்ந்தார்.

"அண்ணே, அந்த நாக்காலிக்கு யாரு?"

"அது இருக்கட்டுங்க. வீட்டுக்காரி கொழும்புல இருக்கு."

"அப்ப எடுத்துர்றேன். பாப்பாவ இந்தப் பக்கம் நிப்பாட்டிக்கலாம். இல்லாட்டி படம் ஒரு பக்கமா சாஞ்சிரும்."

"இல்லங்க, இருக்கட்டும். அவ பாத்தா புரிஞ்சிக்குவா."

ஸ்டூடியோக்காரருக்குப் பிடிக்கவில்லை. தொழிலில் ரோஷமுள்ள மனிதர். "நான் சொல்றத சொல்லிட்டேன் அண்ணே. படத்துல ஓட்ட இருந்திச்சின்னா பாக்குறவன் கண்ணு நேரா அதுலதான் போயி விழும். ஒங்க மொகத்த ஒருத்தனும் பாக்கமாட்டான்" என்றார்.

விழட்டும் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியதே அதுதான். அப்பாவின் மேல் அன்றைக்கு வந்த ஆசை மாதிரி அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. காலி நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, அதன் முதுகுச் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டேன். தம்பி ஓடி வந்து அப்பாவின் முழங்காலுக்குள் நின்றான். பெரிய விளக்குகளைப் போட்டார்கள். முகம் சுட்டது. ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு வெளியே எடுத்து, "கண்ண சிமிட்டாதீங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்து அத்தை தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

"ஐயையோ, எடுக்காதீங்க!"

எடுத்தாயிற்று. தம்பி அத்தையின் பக்கம் திரும்பிவிட்டான். அப்பாவின் வாய் பாதி திறந்திருந்தது. நான் மட்டும் ஆடாமல் அசையாமல் கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தை அப்பாவைப் பார்த்து அவ்வளவு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "தம்பி, ஒனக்கு புத்தி கெட்டுப்போச்சா? உசுரோட இருக்கிறவளுக்கு யாராச்சும் காலி நாக்காலி போடுவாங்களா? செவுத்துல பாரு, யார யாருக்கு ஒட்டியிருக்குன்னு பாரு. நான் ஒரு தரம் போட்டேன். ஒம் மச்சான் போன மறுமாசமே, வந்தோடன ஒட்டிக்கலாம்னு எடம் விட்டு உக்காந்து படம் புடிச்சேன். வந்தாரா? அந்த நாக்காலி இன்னைக்கு வரைக்கும் காலியாத்தான் கெடக்கு. ஒம் பொண்டாட்டியும் வராம போகட்டும்னு நெனைக்கிறியா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவின் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

"நான் உக்காந்துக்குறேன். அவ வர்ற வரைக்கும் அந்த எடத்துல ஒரு ஆளு இருக்கட்டும்" என்று சொல்லி, அம்மாவின் பச்சைச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அத்தை அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு தாலியை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள். பிறகு தம்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பாயில் அம்மாவின் இடத்தைப் பிடித்தவள் படத்திலும் பிடித்துவிட்டாள்.

ஸ்டூடியோக்காரருக்கு உயிர் வந்தது. என்னை அந்தப் பக்கத்திலிருந்து தூக்கி அப்பாவின் தோளோரம் நிறுத்தினார். தம்பி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், தராசு சரியாயிற்று. "ஒட்டி நில்லு பாப்பா. இன்னும் ஒட்டி" என்று என் இடுப்பைத் தள்ளினார். அத்தையின் தாடையை விரலால் நிமிர்த்தினார். சேலைக் கரை நேராகத் தெரியும்படி மடிப்பை இழுத்துவிட்டார். "இப்பத்தான் படம் மாதிரி இருக்கு. ஒரு பொட்டு எடம் வீணாகல" என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பா போய் வாங்கி வந்தார். லயமே வந்து பார்த்தது. நன்றாக வந்திருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். நாலு பேரும் நெருக்கமாக, எண்ணெய் மின்ன, ஒரு குறையும் இல்லாத குடும்பம். அத்தை கூட அழகாக இருந்தாள். அதோடு, கெட்டுப்போன முதல் படத்தையும் சோதனைக்குச் சின்னதாகக் கழுவிப் பார்த்திருந்தார் ஸ்டூடியோக்காரர். பாப்பாவுக்கு விளையாடக் கொடுங்கள் என்று சும்மா கொடுத்துவிட்டாராம்.

கடைக்கார அண்ணன் கொழும்புக்குத் திரும்பும் நாள் வந்தது. அப்பா பெரிய படத்தைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் சின்னப் படத்தைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

"இத அனுப்புங்கப்பா."

"இது கெட்டுப்போன படம்மா. தம்பி மொகமே தெரியல பாரு."

"இதுலதான் அம்மா நாக்காலி இருக்கு."

அப்பா அதைக் கையில் எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். அனுப்பப்போகிறார் என்றே நினைத்தேன். அடுப்படியிலிருந்து அத்தை, "அத பாத்தா அவ அங்க ஒக்காந்து அழுவா. போன எடத்துல நிம்மதியா இருக்க வேணாமா?" என்றாள்.

"அழட்டும்" என்றேன்.

அத்தை ஓடி வந்து என் வாயில் ஒன்று போட்டாள். அப்பா சின்னப் படத்தை என்னிடமே திருப்பித் தந்தார். "அம்மாவுக்கு நல்லத அனுப்புவோம்மா. நாம நல்லா இருக்கோம்னு தெரியட்டும். தெரிஞ்சா சந்தோசமா வந்துரும்" என்றார்.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் காத்திருந்ததுதான். மார்கழிப் பனியில் விடியும் முன்பே எழுந்து, லயத்துக் கோடியில் பாதை தெரியும் இடத்தில் போய் நிற்பேன். கீழே ஹாலிஎல ரயில் சத்தம் கேட்கும். அதிலிருந்து ஒரு ஆள் இறங்கி மேலே நடந்து வர எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் கழிந்த பிறகும் கொஞ்சம் நிற்பேன். தம்பி என்னோடு வர மாட்டான். அவன் அத்தையின் மடிக்குப் பழகிவிட்டான். விளையாட ஆள் இருந்தது, பேச ஆள் இருந்தது, ஆனால் அந்த வயதில் நான் இருந்த தனிமை மாதிரி ஒரு தனிமை கணவர் போன பிறகுகூட எனக்கு வரவில்லை.

பொங்கலன்று அத்தை மூன்று கல் வைத்துப் பானை ஏற்றினாள். பால் பொங்கியது. கடைக்கார அண்ணன் மட்டும் வந்தார். அம்மா கொடுத்தனுப்பிய இரண்டு சட்டைத் துணி அவர் கையில் இருந்தது. அம்மா யாழ்ப்பாணம் போய்விட்டாள் என்றார். அப்பா பானையையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை, "படத்த குடுத்தியா தம்பி? பாத்திச்சா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "குடுத்தேங்க. பாத்திச்சி. ரொம்ப நேரம் பாத்திச்சி. நல்லா வந்திருக்குன்னு சொல்லிச்சி" என்றார் அவர்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் பெரிய மனுஷியானபோது அம்மா வந்தாள், விருந்தாளியைப் போல ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். பிறகு ஒரு தீபாவளிக்கு வந்தாள். அதன் பிறகு யாழ்ப்பாணப் பாதை அடைபட்டது. அது ஏன், எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நாமெல்லாம் அந்தக் காலத்தில் வானொலியை விட்டு நகராதவர்கள். அப்பா செத்தது அம்மாவுக்குத் தெரியாது. அத்தை செத்தபோது அந்தப் பச்சைச் சேலையைத்தான் அவளுக்குக் கட்டினோம். அவள் மேல் எனக்கிருந்த கோபம் எப்போது போனதென்று எனக்கே தெரியவில்லை. அன்றைக்குக் கதறி அழுதேன்.

பாதை திறந்த பிறகு, தன் கடைசிக் காலத்தில், அம்மா வந்தாள். ஒரு பிளாஸ்டிக் பையோடு ஹாலிஎலயில் என் வீட்டு வாசலில் கிழவியாக வந்து நின்றாள். அவள் வளர்த்த பிள்ளை வெளிநாடு போய்விட்டதாம், அந்த வீடு இடிந்துபோனதாம். பேச்சு மாறிவிட்டிருந்தது. தேத்தண்ணி வேண்டுமா என்றால் "ஓம்" என்பாள். "எனக்கு ஏலாது பிள்ளை" என்பாள். என் அம்மா யாரோ ஒரு ஊர்க்காரர் மாதிரிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நான் அடுப்படியில் நிற்பேன். ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

ஒரு மழை நாள் பின்னேரம் அவளே ஆரம்பித்தாள். அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஒரு படம் அனுப்பினனீங்கள் எல்லோ, நினைவிருக்கே? அதை வைச்சிருந்தனான். சண்டைக்குள்ள ஓடேக்க எங்கயோ விட்டுட்டன்" என்றாள். பிறகு மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வாறதெண்டுதான் இருந்தனான். படத்தைப் பார்த்தன். அப்பாவுக்குப் பக்கத்தில மச்சாள் இருந்தா, என்ர சீலையோட. தம்பி அவவின்ர மடியில. எல்லாம் நிறைஞ்சு கிடந்தது. ஒரு விரல் வைக்க இடமில்லை. சரி, பிள்ளையள் குறையில்லாம இருக்குதுகள், நான் போய் எங்க நிக்கிறது எண்டு நினைச்சன்."

நான் எழுந்து போய் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் இருந்த சின்னப் படத்தை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். மூலைகள் மடிந்து, பழுப்பேறிப் போயிருந்தது. அம்மா ஜன்னலோரம் வெளிச்சத்துக்குப் போனாள். அப்பாவின் பாதி திறந்த வாய், தம்பியின் கலங்கிப்போன முகம், நான். ஸ்டூடியோக்காரர் சொன்னது சரிதான். அவள் கண் எங்கள் முகங்களில் நிற்கவில்லை. நேராக அதில் போய்த்தான் விழுந்தது.

"இது ஆருக்கு விட்ட இடம்?"

"ஒனக்குத்தாம்மா. அப்பாதான் விடச் சொன்னாரு."

அம்மா பெருவிரலால் அந்த நாற்காலியைத் தடவினாள். நிமிர்ந்து பார்த்தபோது யாழ்ப்பாணமெல்லாம் எங்கேயோ போய், ஹாலிஎல ஸ்டேஷனில் ரயிலேறிய அம்மாவின் பழைய குரல் வந்தது.

"அப்ப இத ஏண்டி அனுப்பல?"

"மத்ததுதாம்மா நல்லா வந்திருந்திச்சி" என்றேன்.